காட்பாடி முதல் திருப்பதி வரை பனி

சித்தூரில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் பனிக்கட்டி என்றால் ஒன்றே ஒன்றுதான். மீன் கூடைகளோடு ரயிலில் வந்து இறங்கும் ஐஸ் பாளம். சாக்கும் மரத்தூளும் போட்டுச் சுற்றி வைத்திருப்பார்கள். கூடையை இறக்கும்போது சிதறும் துண்டுகளுக்காக நாங்கள் நாலைந்து பேர் பிளாட்பாரத்தில் காத்துக் கிடப்போம். மீன் வாடை அடிக்கும். அதனால் என்ன, ஐஸ் ஐஸ்தானே!

அதே ஆள் அறுபதைத் தாண்டி, ரயில்வேயிலிருந்து ஓய்வும் பெற்று, 2024 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் வேறோர் ஐஸ் பாளத்தின் முன்னால் மங்கிக் குல்லாய் போட்டுக்கொண்டு நின்றேன். அதன் அகலம் 1 மைல். தண்ணீருக்கு மேல் உயரம் சுமார் 250 அடி. பின்னால் மலைக்குள் 21 மைல் நீண்டு கிடக்கிறது. பெயர் மார்ஜரி. இருக்குமிடம் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம்.

இதைப் பேச்சுவாக்கில் கேட்ட நம் சங்கச் செயலாளர், மலருக்கு எழுதியே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தைப் பற்றி என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கண்டதை எழுதுகிறேன். நடுவில் தண்டவாளமும் வரும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மகன் சியாட்டில் நகரில் வேலையில் இருக்கிறான். சியாட்டிலிலிருந்தே அலாஸ்காவுக்கு ஏழு இரவுக் கப்பல் பயணம் புறப்படுகிறது. "அம்மா, நீங்க ரெண்டு பேரும் வந்திருக்கும்போதே போயிட்டு வந்துடலாம்" என்றான். வீட்டில் உடனே எதிர்ப்பு. முழங்கால் வலி, குளிர், சைவச் சாப்பாடு என்று ஆரம்பித்து, கடைசியில், "அந்தக் காசுக்கு நாலு தடவை காசிக்குப் போயிட்டு வரலாம்டா" என்றாள் என் மனைவி. அவன் சிரித்துக்கொண்டே, "காசி எங்கேயும் போகாதும்மா. அந்த ஐஸ் போயிடும்" என்றான்.

காசிக்கு வரும் கங்கையும் கங்கோத்ரி பனியாற்றிலிருந்துதான் புறப்படுகிறது, அதுவும் கோமுகத்தில் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் சொன்னால் எந்தப் பக்கம் சேர்ந்த வாதமாகும் என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். தொகை எவ்வளவு என்று மகன் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் எழுதுகிறேன். அமெரிக்க விசா கையில் இருக்கிறது, அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்கப் போகிறோம், வேறென்ன வேண்டும் என்று நாங்களும் நினைத்தோம். பயண ஏற்பாட்டாளரும் அப்படியே சொன்னார். உண்மை வேறு. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் பயணிக் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆட்களை அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள். ஆகவே சட்டத்துக்காகக் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் ஒரு மாலைப்பொழுது நிற்கின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக நம்மைப் போன்றவர்களுக்குக் கனடா விசாவும் வேண்டும். மகனின் நண்பர் ஒருவர் தற்செயலாகக் கேட்டிராவிட்டால், துறைமுகத்தில் பெட்டியோடு திரும்பியிருப்போம். புறப்படும் வாரத்தில்தான் விசா வந்து சேர்ந்தது. அந்த ஒரு மாதம் வீட்டில் பேச்சு அவ்வளவு சுமுகமாக இல்லை.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். ஐ.சி.எஃப். பெட்டிகளில் கணக்கிட்டால் பதின்மூன்றரைப் பெட்டி. ஒரு நடுத்தர எக்ஸ்பிரஸ் வண்டியை அப்படியே மேலே மேலே பத்துப் பன்னிரண்டு அடுக்காக ஏற்றித் தண்ணீரில் மிதக்க விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு விஷயத்தில் பயந்தது வீண். முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்ததால், இரண்டாம் நாளிலிருந்து சமையற்கூடத்தில் இருந்த நம் நாட்டு இளைஞர் ஒருவர் எங்களுக்குச் சோறும் பருப்பும் தனியாகச் செய்து கொடுத்தார். தயிர் கிடைத்தது. ஊறுகாய் எங்களிடம் இருந்தது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

திறந்த கடலில் ஒரு பகலும் இரவும் போனபின், தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான நீர்வழியில் கப்பல் போகிறது. இருபுறமும் ஊசியிலைக் காடு. டோங்காஸ் தேசிய வனம் என்கிறார்கள். சுமார் 1 கோடியே 67 லட்சம் ஏக்கர். அமெரிக்காவின் தேசிய வனங்களில் இதுவே பெரியது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. விளக்கேற்றும் நேரம் எது என்று தெரியாமல் என் மனைவி தவித்தாள்.

முதல் ஊர் ஜூனோ. மாநிலத்தின் தலைநகரம். ஆனால் வெளியுலகிலிருந்து அந்த ஊருக்குச் சாலை கிடையாது, ரயில் கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். தலைநகருக்குத் தரைவழி இல்லாமல் ஒரு மாநிலமா என்று என் தொழில்மனம் அடித்துக்கொண்டது. ஒருபக்கம் பனிமலை, மறுபக்கம் கடல். எங்கே போடுவது? அங்கிருந்து சிறிய படகில் திமிங்கிலம் பார்க்கப் போனோம்.

கூன்முதுகுத் திமிங்கிலம் என்பது அதன் பெயர். குளிர்காலத்தில் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்க் குட்டி போடுகிறது. அங்கே அதற்குத் தீனி இல்லை. கோடையில் 3,000 மைல் நீந்தி இங்கே வந்து சிறு மீன்களையும் கூனி இறால் வகைகளையும் தின்று தீர்க்கிறது. தாய்த் திமிங்கிலம் அங்கே பட்டினியாக இருந்துகொண்டே குட்டிக்குப் பால் கொடுக்கிறது. படகோட்டி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலைவில் இரண்டு நீராவித் தூண்கள் எழுந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பழைய ஒய்.பி. இன்ஜின் புகைவிடுவதுபோல 'புஸ்' என்ற சத்தம் பிறகு வந்தது. நூறு கஜத்துக்குள் போகக் கூடாது என்று சட்டம் இருப்பதால் படகை நிறுத்திவிட்டார். பெரியது முதுகை வளைத்து, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. வாலின் அடிப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறாம். நம் கைரேகை மாதிரி. அதைப் படமெடுத்துப் பதிவேடு வைத்து, எது எங்கே எப்போது வந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

"பச்சைப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மூவாயிரம் மைல் பட்டினியா வந்திருக்கா" என்றாள் என் மனைவி. அதன்பிறகு அன்று முழுவதும் முழங்கால் வலியைப் பற்றி அவள் பேசவில்லை.

மறுநாள் ஸ்காக்வே. இனிமேல் சற்று நேரம் தண்டவாளம்.

1896-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் அகப்பட்டது. உலகெங்கும் இருந்து ஆட்கள் ஸ்காக்வேயில் வந்து இறங்கி, மலையைத் தாண்டி ஓடினார்கள். பட்டினி கிடந்து சாகக் கூடாது என்று, ஆளுக்கு ஒரு டன் அளவு சாமான் கொண்டுவந்தால்தான் எல்லைக்குள் விடுவோம் என்றது கனடா. அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டு மலையேறிச் செத்த குதிரைகளும் கழுதைகளும் சுமார் 3,000. அந்தப் பள்ளத்தாக்குக்குச் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர். இந்த நிலையில்தான் 1898 மே மாதம் ரயில்பாதை வேலை தொடங்கியது. 1899 பிப்ரவரியில் மலையுச்சிக்கு வண்டி போய்விட்டது. 1900 ஜூலையில் வொயிட்ஹார்ஸ் வரை 110 மைல் முடிந்தது. பாறை உடைக்க 450 டன் வெடிமருந்து. குளிர்காலத்தில், பனிப்புயலில், மனிதர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வேலை செய்திருக்கிறார்கள். நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1899-இல்தான்.

பாதை அகலம் 3 அடி. நம் மீட்டர் கேஜைவிட மூன்றரை அங்குலம் குறைவு. கடற்கரையிலிருந்து 20 மைலில் ஏறக்குறைய 2,900 அடி ஏறுகிறது. செங்குத்தான இடத்தில் ஏற்றம் 3.9 சதம். நம் கணக்கில் 26-க்கு 1. பல்சக்கரம் இல்லாமல்! நம் நாட்டில் பல்சக்கரமில்லாத அகலப்பாதையில் கடுமையானது என்று பேர் வாங்கிய போர் காட் 37-க்கு 1-தான். வளைவு 16 டிகிரி என்று வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னபோது நான் துள்ளி எழுந்துவிட்டேன். நம் மீட்டர் கேஜில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பும் அதே 16 டிகிரிதான். உலகத்தின் இரு கோடிகளில் வண்டிச்சக்கரம் ஒரே இடத்தில் முனகுகிறது. பேத்தி, "தாத்தா, உட்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தங்கம் தீர்ந்தபின் வேறு கனிமங்கள் ஏற்றி ஓடிய ரயில் இது. உலோக விலை விழுந்து சுரங்கங்கள் மூடியதும் 1982-இல் நின்றுபோயிற்று. தண்டவாளத்தைப் பிடுங்கி விற்கவில்லை. 1988-இல் சுற்றுலா வண்டியாகத் திரும்ப ஓட்டினார்கள். இன்று கப்பலில் வருகிறவர்கள் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறார்கள். பாகாலாவிலிருந்து மதனப்பள்ளி ரோடு வழியாக தர்மாவரம் போன நம் மீட்டர் கேஜ் பாதையை நினைத்துக்கொண்டேன். அகலப்பாதை வேண்டியதுதான், அதில் நானும் வேர்வை சிந்தியிருக்கிறேன். மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பத்து மைல், ஓர் இன்ஜின், நாலு பெட்டி, பிள்ளைகள் பார்க்க வைத்திருக்கலாம். நாங்கள் ஒன்றையும் வைக்கவில்லை. கணக்கெழுதி, எடை போட்டு அனுப்பிவிட்டோம்.

சரி, பனிக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள் காலை கிளேசியர் விரிகுடாவுக்குள் நுழைந்தோம். 1980 முதல் அது தேசியப் பூங்கா. 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரு நாளைக்குப் பெரிய கப்பல்கள் இரண்டுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. நுழைவாயிலில் பூங்காக் காவலர்கள் படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கவாட்டில் ஏணி பிடித்து ஏறினார்கள். அவர்களுடன் ஹூனா டிலிங்கிட் என்ற ஆதிகுடியைச் சேர்ந்த பெண்மணி ஒருவரும் வந்தார்.

நம் பத்திரிகைகளில் இந்த ஐஸைப் பனிப்பாறை என்று எழுதிவிடுகிறார்கள். பாறை நகராது. இது நகரும். பனியாறு என்பதே சரி. உயர்ந்த மலையில் கோடையில் உருகுவதைவிடக் குளிர்காலத்தில் விழுவது அதிகமானால், பனி ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். மேற்பனியின் பாரத்தில் அடிப்பனியின் காற்று பிதுங்கி வெளியேறி, அது கெட்டி ஐஸாகும். பிறகு தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல வழியும், பாகு வழிவதுபோல. போகிற வழியில் அடியில் உள்ள பாறையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துக்கொண்டு போகும். அந்த மாவு கலந்துதான் விரிகுடாத் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல் இருக்கிறது. கெட்டி ஐஸ் வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிக்கொண்டு நீலத்தை விடுவதால், பிளவுகளுக்குள் நீலம் தெரிகிறது. துணிக்கு நீலம் போட்ட வாளிபோல என்றாள் என் மனைவி. அதைவிடச் சரியான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

காவலர் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டிப் பேசினார். 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இந்தக் கரையை அளந்துகொண்டு வந்தபோது இங்கே விரிகுடாவே இல்லை. ஐந்து மைல் உள்வாங்கிய ஒரு குழிவு, அதன் முடிவில் ஐஸ் சுவர், அவ்வளவுதான். 4,000 அடிக்கு மேல் கனமான ஐஸ். நம் ஏழுமலையை அடியில் வைத்தால் மூடிவிட்டு மேலே நிற்கும். 1879-இல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆர்வலர் ஆதிகுடிகளின் ஓடத்தில் வந்தபோது ஐஸ் 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-இல் 65 மைல்.

பேத்திக்கு மைல் என்றால் புரியும். எனக்குக் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. 65 மைல் என்றால் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து திருப்பதி. 40 மைல் ஏறக்குறைய காட்பாடியிலிருந்து பாகாலா. ஆயுள் முழுக்க டிராலியிலும் கால்நடையாகவும் நான் அளந்த தூரம் அது. ராமாபுரம், சித்தூர், பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று ஒவ்வொரு இடமாக மனத்தில் வைத்தேன். வான்கூவர் காலத்தில் காட்பாடி வெளிச் சிக்னலில் நின்ற ஐஸ். எண்பத்தைந்து ஆண்டு கழித்து மியூர் வந்தபோது பாகாலா ஜங்ஷன். இன்னும் முப்பத்தேழு ஆண்டில் திருப்பதி. நாங்கள் காலையிலிருந்து கப்பலில் வந்த வழி முழுவதும் ஒரு காலத்தில் ஐஸின் வயிறு.

இதில் நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றையும் காவலர் சொன்னார். அந்த முதல் பெரிய பின்வாங்கல், முந்தைய சில நூற்றாண்டுக் குளிர்காலம் தணிந்ததால் தொடங்கியது. அப்போது உலகில் மோட்டார் வண்டி கிடையாது. இப்போது அலாஸ்காவின் பனியாறுகள் உருகும் வேகம் வேறு காரணத்தால். அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் கப்பலின் புகைபோக்கி எங்கள் தலைக்குமேல்தான் இருந்தது. எல்லோரும் ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, பிறகு ஐஸைப் பார்த்தோம்.

இன்னொன்று, கட்டுமான வேலை செய்தவர்களுக்காக. அத்தனை ஐஸின் பாரம் போனபின் நிலம் நிமிர்கிறது. விரிகுடா வாயிலில் உள்ள கஸ்டேவஸ் ஊரில் தரை ஆண்டுக்கு ஓர் அங்குலத்துக்குமேல் உயர்கிறது. சர்வேக் கல் நட்டு மட்டம் எடுத்துவிட்டு, ஓய்வு பெறும் வயதில் திரும்பிப் போனால் கல் மூன்றடி மேலே நிற்கும். நாங்கள் பெஞ்ச் மார்க் அசையாது என்று நம்பி உத்தியோகம் பார்த்தவர்கள்.

மார்ஜரிக்குப் பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் என்ற பனியாறு. அதன்மேல் மண்ணும் கல்லும் மூடி, கல்குவாரிபோல் பழுப்பாக இருந்தது. மலையடிவாரம் என்றே நினைத்துவிட்டோம். 65 மைல் நீண்டிருந்த அந்தப் பேராற்றின் மிச்சம் அதுதான் என்றார்கள். படம் எடுப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கப்பல் கால் மைல் தொலைவில் நின்றது. எஞ்சின் சத்தம் தணிந்தது. ஆயிரக்கணக்கான பேர் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். சுவரின் இடது ஓரத்தில் வீட்டளவு துண்டு ஒன்று சத்தமில்லாமல் நழுவியது. ஒன்று எண்ணி முடித்தபின்தான் வெடி முழக்கம் வந்தது. கால் மைலுக்கு அதுதான் கணக்கு. ஆதிகுடிகள் இதை வெள்ளை இடி என்கிறார்கள்.

அந்தப் பெண்மணி பேசியதை அப்படியே எழுத எனக்குச் சக்தியில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். விரிகுடா இல்லாத காலத்தில் அங்கே புல்வெளியும் ஆறும் இருந்தன. அவருடைய முன்னோர் அங்கே வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பனியாறு முன்னேறி வந்தது. நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்களாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடத்தில் ஏறிப் போனார்கள். ஐஸ் விலகியபின் திரும்பி வந்து மீன் பிடித்தார்கள், முட்டை எடுத்தார்கள். பிறகு பூங்கா என்று சட்டம் வந்து பலவற்றுக்குத் தடை வந்தது. பல ஆண்டுகள் பேசி, 2016-இல் பூங்கா நிர்வாகமும் அவர்களும் சேர்ந்து விரிகுடாக் கரையில் குலவீடு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். "ஐஸ் எங்களை விரட்டியது. இப்போது அது போவதைப் பார்க்க நீங்கள் வருகிறீர்கள்" என்றார். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை.

காவலரும் ஒரு கதை சொன்னார். 2001-இல் இந்த விரிகுடாவில் சினையாயிருந்த கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று சுற்றுலாக் கப்பல் மோதி இறந்தது. பதிவேட்டில் ஸ்னோ என்று பெயருள்ளது, பல ஆண்டுகளாக அங்கே வந்துபோனது. அதன் எலும்புகளைச் சுத்தம் செய்து, கோத்து, 2014-இல் கரையில் காட்சிக்கு வைத்தார்கள். நாற்பத்தைந்து அடிக்கு மேல் நீளம். கடற்சிங்கங்களும் நீர்நாய்களும் பார்த்தோம். ரோமத்துக்காக வேட்டையாடி அடியோடு ஒழித்துவிட்ட நீர்நாயை 1960-களில் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். இப்போது மல்லாந்து படுத்து வயிற்றில் கிளிஞ்சல் வைத்து உடைத்துத் தின்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற கிளைக்குள் மட்டும் கப்பல் போகவில்லை. மிதக்கும் ஐஸ் துண்டுகளில் சீல்கள் குட்டி போடும் காலம். செப்டம்பர் பிறக்கும்வரை பெரிய கப்பல்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

பிள்ளைகளுக்கு இளம் காவலர் என்று ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். கேள்விகளை நிரப்பி, உறுதிமொழி எடுத்தால் ஒரு வில்லை. ஒன்பது வயதுப் பேத்தி மும்முரமாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். அந்தப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "உன் தாத்தா ஊரில் என்னென்ன உண்டு?" என்று சும்மா கேட்டார். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யானை இருக்கு. பலமநேர் பக்கம், கவுண்டின்யா சரணாலயத்துல. சேஷாசலம் மலையில சிறுத்தை, தங்கப் பல்லி..." என்று அடுக்கினேன்.

"நீங்க பாத்திருக்கீங்களா தாத்தா?"

"பேப்பர்ல படிச்சேன்."

"பறவை?"

"கடல் பக்கம் பூநாரை வரும். ஆயிரக்கணக்குல. ஃபிளமிங்கோ."

"அதப் பாத்திருக்கீங்களா?"

பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டு, பேத்தியின் சட்டையில் வில்லையைக் குத்திவிட்டார். அன்று மாலை மேல்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் ஐஸ் தெரியவில்லை. கூடூரிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டியின் ஜன்னல்தான் தெரிந்தது. தொரவாரிசத்திரம், சூலூர்பேட்டை. எத்தனை தடவை! அலுவல் பாஸில் போகும்போது தொரவாரிசத்திரத்தில் தண்டவாள இணைப்புகளை எட்டிப் பார்த்ததுண்டு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான் நேலபட்டு.

கெட்சிக்கான் என்ற ஊரில் மழை, குலமரபுக் கம்பங்கள், மறுபடியும் மழை. ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்குமேல் பெய்யுமாம். விக்டோரியாவில் விசா முத்திரையைப் பார்த்த அதிகாரி எங்களை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஒரு மாதச் சண்டைக்கு ஒரு நிமிடம்.

அதே டிசம்பர் கடைசியில் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். திருமலை தரிசனம் முடிந்த மறுநாள் விடியற்காலை கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூலூர்பேட்டைப் பகுதி நம் திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஆகவே நம் மாவட்டத்தையே பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டேன்.

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரிக்குள்ளேயே போகிறது. இருபுறமும் முழங்கால் ஆழத் தண்ணீர். தூரத்தில் தண்ணீர் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. சேற்றுத் திட்டு என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது. பேத்தி சியாட்டிலில் வாங்கிய தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்து, இருநூறில் விட்டுவிட்டாள். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைச் சலித்துத் தின்கின்றன. ஒரு மோட்டார் சைக்கிள் ஆரன் அடித்துக்கொண்டு போனதும் ஒரு பகுதி எழுந்து பறந்தது. சிறகுக்குள் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று உட்கார்ந்திருக்கும்போது தெரியாது.

அங்கிருந்து நேலபட்டு. 1976 முதல் சரணாலயம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. தெலுங்கில் கூடபாத்து. ஒரு மரத்தில் பத்துப் பன்னிரண்டு கூடு. மரம் எப்படித் தாங்குகிறது என்று பாரம் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். தாயின் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை முழுக்க விட்டு மீனைத் தேடியது. பக்கத்தில் நத்தைகுத்தி நாரைகள். பேரிலேயே வேலை இருக்கிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகிறது என்று ஊரார் இந்தப் பறவைகளை விரட்டுவதில்லை, ராசி என்கிறார்கள். எங்களுக்குக் காட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒவ்வொன்றுக்கும் தெலுங்கில் பேர் சொல்ல, நான் தமிழில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். ஒரு பறவைக்கு என்னிடம் பேரில்லை. இடம் விட்டு மேலே எழுதச் சொன்னேன்.

என் மனைவி காவல் கோபுரத்தின் படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். மகன் அவளுக்குத் தொலைநோக்கியை வைத்துக் காட்டினான். மேற்கே எங்கோ ரயில் ஊதல் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குறுக்கல். சரக்கு வண்டியில்லை, எக்ஸ்பிரஸ். கூடூர்ப் பக்கம் போகிறது.

"அது உங்க டிரெயினா தாத்தா?" என்றாள் பேத்தி, தலையை நிமிர்த்தாமல்.

ஆமாம் என்றேன்.